எனக்கு வயது 81, எட்டு இல்லை

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் பொறுப்புச் செவிலியராக இருக்கிறேன். எங்களிடம் 42 பேர் இருக்கிறார்கள். பாதிப் பேர் சக்கர நாற்காலியில். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மறதி நோய். சாப்பாடு, மருந்து, சுத்தம் எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் யார் முகத்திலும் களை இல்லை. எட்டு மாதத்துக்கு முன் நானே முயற்சி எடுத்து, காலையில் முக்கால் மணி நேரம் உடற்பயிற்சி, மாலையில் ஓவிய வகுப்பு என்று தொடங்கினேன். முதல் வாரம் 20 பேர் வந்தார்கள். இப்போது ஐந்து பேர் வந்தால் அதிகம். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், வண்ணம் தீட்டக் கொடுத்த பூப் படத்தைத் தள்ளிவிட்டு, "எனக்கு வயது 81ம்மா, எட்டு இல்லை" என்றார். இன்னொரு அம்மா நாள் முழுக்கச் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார், எதற்கும் வருவதில்லை. "இதனால் என்ன பிரயோஜனம்?" என்று நிர்வாகம் கேட்கிறது. உடற்பயிற்சியும் கலையும் வயதானவர்களின் மனநிலையை உண்மையிலேயே மாற்றுமா? வராதவர்களை எப்படி வரவைப்பது? என்னிடம் இருப்பது இரண்டே உதவியாளர்கள்.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் சொல்லிவிடுகிறேன், நான் அந்தத் தலைமை ஆசிரியர் பக்கம். பூப் படத்தைத் தள்ளிவிட்டவரிடம் இன்னும் ரோஷம் இருக்கிறது. உங்கள் இல்லத்தில் எனக்குக் கவலை தருபவர், கொடுத்த படத்துக்குப் பேசாமல் சிவப்பு அடித்துவிட்டுப் போகிறவர்தான்.

"உண்மையிலேயே மாற்றுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றும் என்று ஒரே சொல்லில் முடிப்பது எனக்கு எளிது. ஆனால் உங்களுக்குத் தெரியவேண்டிய ஓர் ஆய்வு இருக்கிறது. இங்கிலாந்தில் 78 பராமரிப்பு இல்லங்களில் நடத்தி, 2013-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பிசியோதெரபிஸ்டுகளே நேரில் வந்து, வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 45 நிமிடம், குழுவாக உடற்பயிற்சி நடத்தினார்கள். ஊழியர்களுக்கும் மனச்சோர்வு பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மனச்சோர்வு குறையவில்லை. பயிற்சி நடந்த இல்லங்களுக்கும் நடக்காத இல்லங்களுக்கும் வித்தியாசமே இல்லை. நீங்கள் செய்த அதே முக்கால் மணி நேர வகுப்புதான் அதுவும். ஆகவே கூட்டம் குறைந்ததற்கு உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம்.

அதற்காக உடற்பயிற்சி வீண் என்றும் முடிவுகட்டிவிடாதீர்கள். மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1990-ல் வெளியிட்ட ஆய்வு, முதியோர் மருத்துவத்தில் எங்கள் தலைமுறையின் எண்ணத்தையே மாற்றியது. பராமரிப்பு இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 ஆன, மெலிந்து தளர்ந்த பத்துப் பேரை எடுத்துக்கொண்டார்கள். கையைக் காலை ஆட்டும் பயிற்சி இல்லை. எடை வைத்து, தசை உண்மையிலேயே சிரமப்படும் அளவுக்குக் காலுக்குப் பயிற்சி. எட்டு வாரத்தில் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். 1994-ல் அதே குழு 100 பேரை வைத்து, பத்து வாரம், மறுபடி செய்து பார்த்தது. வலிமை இரண்டு மடங்கைத் தாண்டியது. நடை வேகமும் படியேறும் திறனும் கூடின. இன்னொன்றும் நடந்தது: யாரும் சொல்லாமலே அவர்கள் பகலில் அதிகமாக நடமாடத் தொடங்கினார்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பல நாள் யோசித்திருக்கிறேன். என் முடிவு இது. உடற்பயிற்சி காலுக்குப் பலம் கொடுக்கும். அந்தக் காலால் போய்ச் சேர ஓர் இடமும், அங்கே தனக்காக ஒரு வேலையும் இருந்தால்தான் மனசு எழுந்திருக்கும். எழுந்து நின்றால் போதுமா, எழுந்து எங்கே போவது? ஓவியத்துக்கும் இதே கதைதான். என்ன வரைவது, என்ன நிறம், எப்போது நிறுத்துவது என்று எல்லாவற்றையும் நாமே முடிவுசெய்துவிட்டு, நடுவில் உள்ள வெற்றிடத்தை மட்டும் நிரப்பச் சொன்னால் அது கலையாகாது. உப்புக்குச் சப்பாணியாக ஒருவரைச் சேர்த்துக்கொள்வதற்குத்தான் அது சமம். வயதானவர்களுக்கு அது உடனே புரிந்துவிடும்.

அமெரிக்காவில் பில் தாமஸ் என்ற மருத்துவர் 1991-ல் தான் வேலை பார்த்த இல்லத்துக்குள் பறவைகள், நாய், பூனை, செடிகள் எல்லாவற்றையும் கொண்டுவந்து விட்டார். முதியோர் இல்லங்களைப் பிடித்த மூன்று நோய்கள் தனிமை, கையாலாகாத நிலை, சலிப்பு என்று அவர் சொன்னார். உடற்பயிற்சி வகுப்பு சலிப்பைக் கொஞ்சம் குறைக்கும். மற்ற இரண்டையும் அப்படியே விட்டுவிடும். உங்கள் எட்டு மாத உழைப்பு தட்டுப்பட்ட இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருமுன், வண்ணத்தையும் பந்தையும் ஓரமாக வைத்துவிட்டு ஒன்றைச் செய்யுங்கள். 42 பேரில் யார் சோகமாக இருக்கிறார்கள், யாருக்கு மனச்சோர்வு நோய், யாருக்கு வேறு ஏதோ உடல் கோளாறு என்று பிரித்துப் பாருங்கள். வயதானவர்களின் மனச்சோர்வு அழுகையாக வருவது குறைவு. "ஒன்றும் வேண்டாம்", "வயிறு சரியில்லை", "தூக்கம் இல்லை" என்றுதான் வரும். இதைக் கண்டுபிடிக்க முதியோர் மனச்சோர்வு அளவுகோல் என்று 15 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. "உங்கள் வாழ்க்கை உங்களுக்குப் பெரும்பாலும் திருப்தியாக இருக்கிறதா?" என்பது போன்ற, ஆம் இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகள். ஐந்துக்கு மேல் மதிப்பெண் வந்தால் மருத்துவர் பார்க்கவேண்டும். மறதி முற்றியவர்களுக்கு இந்தப் படிவம் சரிவராது; அவர்களைக் கவனித்துக்கொள்பவரிடமும் கேட்டு நிரப்பும் கார்னெல் அளவுகோல் என்று வேறொன்று இருக்கிறது.

கூடவே காதுக்குறும்பி அடைத்திருக்கிறதா, கண்புரை முற்றியிருக்கிறதா, பல்செட் குத்துகிறதா, மூட்டு வலியை வெளியே சொல்லாமல் இருக்கிறாரா, மலச்சிக்கலா என்று பாருங்கள். தைராய்டும் பி12 சத்தும் குறைந்தாலும் ஆள் மந்தமாகத்தான் தெரிவார். தூக்க மாத்திரையின் மயக்கத்தைச் சோகம் என்று எத்தனையோ முறை தவறாக எடுத்துக்கொள்கிறோம். நேற்றுவரை பேசியவர் இன்று திடீரென்று அமைதியாகிவிட்டால் அது மனசு அல்ல. தொற்றோ மருந்தோ கிளப்பிய திடீர்க் குழப்பமாக இருக்கலாம். அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். "நான் இருந்து என்ன செய்ய?" என்று யாராவது திரும்பத் திரும்பச் சொன்னாலும், சாப்பாட்டை ஒதுக்கினாலும், அந்த வார்த்தையை வயசுக் கோளாறு என்று கடந்துபோகக் கூடாது. செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மனச்சோர்வு நோய்க்கு மருந்தும் பேச்சு வழிச் சிகிச்சையும் உண்டு. அவை தேவைப்படும் இடத்தில் ஓவியத்தை மட்டும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது தவறு.

உடற்பயிற்சிக்கு வருகிறேன். முக்கால் மணி நேரத்தை விட்டுவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடமாக உடைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன வழிகாட்டுதலில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு, மூன்று நாளாவது சமநிலைக்கும் வலிமைக்கும் பயிற்சி என்று இருக்கிறது. உங்கள் இல்லத்தில் பலரால் அதை எட்ட முடியாது. அதே வழிகாட்டுதல், சும்மா இருப்பதைவிடக் கொஞ்சம் செய்வது மேல் என்றும் சொல்கிறது. நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த வரியைத்தான்.

ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய முடியும் என்றால் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைத் தேர்ந்தெடுப்பேன். கைப்பிடி உள்ள, நகராத நாற்காலி. பின்பக்கம் சுவரை ஒட்டி இருக்கட்டும். இருக்கையின் நுனிக்கு வந்து, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாய்ந்து, எழவேண்டும். முதலில் கைப்பிடியை ஊன்றி மூன்று முறை. பிறகு ஐந்து. பிறகு ஒரு கை மட்டும். உட்காரும்போது பொத்தென்று விழாமல் மெதுவாக இறங்கினால் அதுவே தொடைக்கு இன்னொரு பயிற்சி. கழிப்பறைக்குத் தானாகப் போய்வர உதவும் தசையும் இதுதான். ஆட்களிடம் அதைச் சொல்லிவிடுங்கள். "மனசு நன்றாக இருக்கும்" என்று சொன்னால் யாரும் எழமாட்டார்கள். "ராத்திரி யாரையும் கூப்பிடாமல் பாத்ரூம் போய்வரலாம்" என்றால் எழுவார்கள்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களை ஓரமாக வைத்து வேடிக்கை பார்க்கவிடாதீர்கள். ரப்பர் பட்டையை இழுப்பது, காலை நீட்டி மூன்று எண்ணும்வரை பிடித்திருப்பது, நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி உடம்பைச் சற்றுத் தூக்குவது எல்லாம் அவர்களால் முடியும். பக்கவாதம் வந்தவர் நல்ல கையால் மற்றக் கையைப் பிடித்துத் தூக்கலாம். தளர்ந்த கையை வேறு யாரும் பிடித்து இழுக்கக் கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும். எலும்புப்புரை உள்ளவர்களை இடுப்பு மடங்கக் குனியவோ உடம்பை முறுக்கவோ சொல்லாதீர்கள். பயிற்சிக்கு முன்னால் படுத்த நிலையில் ஒரு முறையும் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறையும் ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அன்று நின்றபடி பயிற்சி வேண்டாம். மருந்தைப் பற்றி மருத்துவரிடம் பேசவேண்டும். பயிற்சியின்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அவ்வளவு மூச்சு வாங்கினால் போதும். நெஞ்சு வலி, தலைசுற்றல், திடீர் மூச்சிரைப்பு என்றால் நிறுத்திவிட வேண்டும். காலில் வழுக்காத செருப்பு. வெறும் சாக்ஸ் கூடவே கூடாது.

இன்னொன்றை நான் எங்கே போனாலும் சொல்லித் திட்டு வாங்குவேன். உங்கள் உதவியாளர்கள் நல்லவர்கள், வேகமானவர்கள். சட்டைப் பொத்தானை இரண்டு நிமிடத்தில் போட்டுவிடுவார்கள். அந்த முதியவர் தானே போட்டால் எட்டு நிமிடம் ஆகும். அந்த ஆறு நிமிடத்தை மிச்சம்பிடிக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு பயிற்சி வகுப்பைத் திருடிக்கொள்கிறோம். ஆரோக்கியமான முதியவர்களே பத்து நாள் படுக்கையில் கிடந்தால் காலில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழக்கிறார்கள் என்று 2007-ல் ஓர் ஆய்வில் அளந்து காட்டியிருக்கிறார்கள். அன்பின் பெயரால் நாம் செய்துவிடும் வேலைகளுக்கும் இதே விலைதான். எல்லோருக்கும் எல்லா நாளும் காத்திருக்க உங்களுக்கு ஆள் இல்லை என்று தெரியும். ஒருவருக்கு ஒரு வேலை என்று விட்டுக்கொடுங்கள். ஒருவர் தலையைத் தானே வாரட்டும். இன்னொருவர் முகத்தைத் தானே துடைத்துக்கொள்ளட்டும்.

சரி, கலை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019-ல் 3000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி, கலைக்கும் உடல் மன நலத்துக்கும் தொடர்பு இருப்பதாக ஓர் அறிக்கை வெளியிட்டது. நிர்வாகம் ஆதாரம் கேட்டால் அதைக் காட்டலாம். அதில் சேர்ந்திருக்கும் ஆய்வுகள் எல்லாம் ஒரே தரம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது நல்லது.

ஓவியர் மத்தீஸுக்கு 1941-ல், 71 வயதில், வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு பெரும்பாலும் படுக்கையும் சக்கர நாற்காலியும்தான். தூரிகை பிடித்து நின்று வரைய முடியவில்லை. உதவியாளர்கள் தாள்களுக்கு வண்ணம் பூசிக் கொடுக்க, இவர் கத்தரிக்கோலால் வெட்டி, எதை எங்கே ஒட்டுவது என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். அவர் கடைசிக் காலத்தின் புகழ்பெற்ற படைப்புகள் அப்படி வந்தவை. அங்கே உதவியாளர்கள் செய்ததையும் நம் இல்லங்களில் நடப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்கள் அவருக்காக வண்ணம் பூசினார்கள், வடிவத்தை அவரே வெட்டினார். நாம் வடிவத்தை வெட்டிக் கொடுத்துவிட்டு வண்ணம் பூசச் சொல்கிறோம். கிராண்ட்மா மோசஸ் என்ற அமெரிக்கப் பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டுவலியால் ஊசி பிடித்துத் தையல் வேலை செய்ய முடியாமல் போனபிறகு, எண்பது வயதை நெருங்கும்போது தூரிகையை எடுத்தவர். 101 வயது வரை வாழ்ந்தார். கை ஒன்றை விடும்போது இன்னொன்றைப் பிடிக்கும்.

ஆகவே குழந்தைகளுக்கான வண்ணப் புத்தகங்களை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். பெரியவர்கள் பயன்படுத்தும் தடித்த தாள், நிஜத் தூரிகை, நல்ல நீர்வண்ணம். நச்சில்லாததாகப் பார்த்து வாங்குங்கள்; மறதி உள்ளவர் வாயில் வைக்கலாம். கை நடுங்குபவருக்குத் தூரிகையின் பிடியில் ஸ்பாஞ்ச் சுற்றித் தடிமனாக்குங்கள். தாளை மேஜையில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். பார்வை மங்கியவருக்கு வெள்ளைத் தாளுக்கு அடியில் கருமையான விரிப்பு இருந்தால் தாளின் ஓரம் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும். இவ்வளவுதான் பொருட்கள் பற்றி. பெரும் செலவு தேவையில்லை.

பொருளைவிடப் பேச்சு முக்கியம். "என்ன வேண்டுமானாலும் வரையுங்கள்" என்றால் வெள்ளைத் தாளைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள். "இதை வரையுங்கள்" என்றால் தள்ளிவிடுவார்கள். இரண்டு மூன்று பொருளை மேஜையில் வைத்து எது என்று கேளுங்கள்: ஒரு பழைய பூட்டு, ஓர் உலர்ந்த இலை, ஒரு தேய்ந்த செருப்பு. வரைந்து முடித்ததும் "சூப்பர்! அருமை!" என்று கை தட்டாதீர்கள். குழந்தையிடம் பேசும் குரல் அது. கேட்டவுடன் ஆள் சுருங்கிவிடுவார். "இந்த இடத்தில் ஏன் கறுப்பு?" என்று கேளுங்கள். கேள்வி கேட்டால் தன் வேலையை ஒருவர் கவனித்துப் பார்த்திருக்கிறார் என்று தெரியும். "இது நாய் மாதிரி இல்லையே" என்று திருத்தவும் வேண்டாம். ஒருவேளை அது நாயே இல்லாமலும் இருக்கலாம்.

எல்லோருக்கும் ஓவியம் ஒத்துவராது. ஆயுள் முழுக்கத் தைத்தவர் கையில் துணியைக் கொடுங்கள். தச்சு வேலை செய்தவரிடம் உப்புத்தாளும் மரத்துண்டும் கொடுத்தால், கண்ணை மூடிக்கொண்டே மட்டம் பார்ப்பார். மறதி நோயில் நேற்று நடந்தது போய்விடும். கை பழகிய வேலையும் பாட்டும் வெகுகாலம் தங்கும். பெயர் மறந்தவர்கூடப் பாட்டின் அடுத்த அடியை விடாமல் எடுத்துக்கொடுப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். எந்தப் பாட்டு என்பதை மட்டும் குடும்பத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு இருபது வயது நடந்த காலத்துப் பாட்டு பெரும்பாலும் வேலை செய்யும். ஏதோ ஒன்றை நாள் முழுக்க ஓடவிடுவது வெறும் சத்தம். பாட்டோடு சேர்த்துக் காலைத் தட்டச் சொன்னால் உடற்பயிற்சியும் அதிலேயே வந்துவிடும். நியூயார்க்கில் 2001 முதல் ஒரு நடனக் குழு பார்க்கின்சன் நோயாளிகளுக்கு நடன வகுப்பு நடத்திவருகிறது. அங்கே வருபவர்களை நோயாளி என்று யாரும் நினைப்பதில்லை, நடனம் கற்பவர்கள் என்றுதான் நடத்துகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்த அணுகுமுறை.

மறதி உள்ளவர்களிடம் "இது யார், ஞாபகம் இருக்கிறதா?" என்று போட்டோவைக் காட்டிப் பரீட்சை வைக்காதீர்கள். தோற்றுப்போகிறவரை மறுபடி மறுபடி தோற்கவைப்பது அது. ஆன் பாஸ்டிங் என்பவர் 1990-களின் பிற்பகுதியில் வேறு வழியைக் கண்டுபிடித்தார். விசித்திரமான ஒரு படத்தைக் குழுவின் நடுவில் வைத்து, "இங்கே என்ன நடக்கிறது?" என்று கேட்பது. யார் என்ன சொன்னாலும், அர்த்தமில்லாத ஒலியாக இருந்தாலும், எழுதிக்கொள்வது. நடுநடுவே எழுதியதை உரக்கப் படித்துக்காட்டுவது. முடிவில் ஒரு கதை கிடைக்கும். சரி, தவறு என்று எதுவுமில்லை. ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் உங்கள் இரண்டு உதவியாளர்களில் ஒருவரே இதை நடத்தலாம்.

ஓர் எச்சரிக்கை. இது கலைச் சிகிச்சை ஆகாது. அதற்கென்று தனிப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். வரையும்போது சிலருக்கு இறந்துபோன பிள்ளை, தொலைந்துபோன வீடு என்று கிளம்பும். அழட்டும். பக்கத்தில் உட்காருங்கள். தோண்டித் தோண்டிக் கேட்காதீர்கள், பேச்சை மாற்றவும் அவசரப்படாதீர்கள். அழுகை நாள் கணக்கில் நீண்டால், தூக்கம் கெட்டால், மனநல மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வராதவர்களை எப்படி வரவைப்பது என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியையே மாற்றிக்கொள்ளச் சொல்வேன். வரமாட்டேன் என்று சொல்வது, எப்போது எழுவது, எப்போது தின்பது, எப்போது குளிப்பது எல்லாவற்றையும் மற்றவர்கள் தீர்மானிக்கும் வாழ்க்கையில் அவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே அதிகாரமாக இருக்கலாம். அதையும் பிடுங்கவேண்டாம். எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1976-ல் ஒரு முதியோர் இல்லத்தில் சின்னப் பரிசோதனை செய்தார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது என்பது உங்கள் பொறுப்பு என்று சொல்லி, விரும்பிய செடியைத் தேர்ந்தெடுத்துத் தாங்களே வளர்க்கக் கொடுத்தார்கள். இன்னொரு தளத்தாருக்கும் செடி கொடுத்தார்கள். தண்ணீரைச் செவிலியர் ஊற்றிக்கொள்வார் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வாரத்தில் முதல் தளத்தார் கூடுதல் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியுமாக இருந்தார்கள். ஒரே ஓர் இல்லத்தில் நடந்த சிறிய ஆய்வு. அதன் மேல் மாளிகை கட்டமாட்டேன். ஆனால் அதே செடி, தண்ணீர் ஊற்றும் கை மட்டும் வேறு என்ற அந்த அமைப்பு எனக்கு இன்றும் பிடிக்கும்.

தலைமை ஆசிரியருக்கு வேலை கொடுங்கள். அறிவிப்புப் பலகையில் தேதியும் நாளும் அன்றைய செய்தியும் எழுதுவது அவர் பொறுப்பாக இருக்கட்டும். அந்தப் பலகை வரை அவர் நடந்து போகவேண்டும், கையைத் தூக்கி நின்று எழுதவேண்டும். அவரைப் பொறுத்தவரை உடற்பயிற்சி அதுவே. முதலில் அவரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். அந்தப் படத்தைக் கொடுத்தது எங்கள் தவறு ஐயா என்று. ஒரு தலைமை ஆசிரியர் அதை மறக்கமாட்டார்.

நிர்வாகத்துக்கு வருகைப் பதிவேட்டைக் காட்டிக்கொண்டிருந்தால் தோற்பீர்கள். ஒரு நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இன்று தொடங்குமுன் 15 கேள்விப் படிவத்தின் மதிப்பெண், அரை நிமிடத்தில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது, இரவில் எத்தனை முறை விழிக்கிறார், எத்தனை தூக்க மாத்திரை, கடந்த மூன்று மாதத்தில் எத்தனை முறை விழுந்தார். மூன்று மாதம் கழித்து அதே பக்கத்தில் மறுபடி எழுதுங்கள். எழுந்து நிற்கும் எண்ணிக்கை எட்டாவது பத்தாவது வாரத்தில் கூடத் தொடங்கலாம். மனச்சோர்வு மதிப்பெண் சிலருக்கு அசையாமலும் இருக்கும். இருந்ததை இருந்தபடி எழுதுங்கள். இரண்டு உதவியாளர்களை வைத்து 42 பேரையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். ஆறு பேரைக் கொண்டு தொடங்குங்கள். அந்த ஆறில் பேச்சுத்துணைக்கு ஏங்குபவர் ஒருவர், யாரோடும் சேராதவர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அம்மாவைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். நான் முன்பு பார்த்த ஓர் இல்லத்தில் இப்படியே ஒருவர் இருந்தார். ஆறு மாதமாக எல்லோரும் அதை மனச்சோர்வு என்றே நினைத்தார்கள். நானும்தான். கண் மருத்துவர் வந்து பார்த்த பிறகு தெரிந்தது, இரண்டு கண்ணிலும் கண்புரை. எதிரே இருந்த ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது, அதனால் திரும்பி உட்கார்ந்துகொண்டார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உங்கள் அம்மாவுக்கும் அதுதான் என்று சொல்லமாட்டேன். கண், காது, தைராய்டு எல்லாம் பார்த்துவிடுங்கள். ஆனால் அதற்கு முன்னால், நாளை காலை ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில், அவர் பார்க்கும் அதே திசையைப் பார்த்து, ஐந்து நிமிடம் உட்காருங்கள். பேசவேண்டாம். மறுநாளும் உட்காருங்கள். மூன்றாம் நாள், "இந்த நாற்காலியைத் திருப்பிப் போடட்டுமா, இப்படியே இருக்கட்டுமா?" என்று கேளுங்கள். இப்படியே இருக்கட்டும் என்றால் அப்படியே விட்டுவிட்டு, என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.